இடது பின்சக்கரம்

பூனாவின் வானவடியில் அந்தக் குடியிருப்பின் தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடம்தான். தூண்களுக்கு நடுவே பதினெட்டுக் கார்கள், சுவரோரம் ஸ்கூட்டர்கள். வருஷம் முழுக்க அங்கே டயர் நாற்றமும் ஈரச் சிமெண்ட் நாற்றமும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் கணபதி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கார்கள் எல்லாம் வெளியே சாலையோரத்துக்குப் போய்விடும். துணிப் பந்தல்காரர்கள் வந்து தூண்களுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் சுற்றுவார்கள். ஏழாம் எண் இடத்தில்தான் சிலை அமரும். மழைச் சாரல் படாத இடம் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஏழாம் எண்ணில் எட்மண்டின் வெள்ளைக் கார் நின்றது. அதை எடுக்க முடியவில்லை. இடது பின்சக்கரம் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில், நடைபாதைக்குப் போட்டு மிஞ்சிய சிமெண்ட் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வண்டியை அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு பேர் சேர்ந்து வண்டியைக் கையால் தூக்கி எட்மண்டை அடியிலிருந்து இழுத்தபோது அவசரத்தில் அடுக்கிய கற்கள். இழுத்தெடுக்கும்போதே அவர் போயிருந்தார். போலீஸ் வந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தது, விபத்து என்று எழுதிக்கொண்டது.

சங்கச் செயலாளர் நிம்பாள்கர் ஓய்வுபெற்ற சுபேதார். அவர் சனிக்கிழமை இரவு வாட்ஸப் குழுவில் எதுவும் போடவில்லை. நேரில் மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்று மராத்தியில் சொன்னார். "டீச்சர், பந்தல்காரர்கள் நாளை மதியம் வருகிறார்கள். நான் வேறு இடம் பார்த்தேன். கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்."

"எடுத்துருவோம்" என்று எட்மண்டின் மனைவி ஃப்ளோரா மராத்தியில் சொன்னாள். அவள் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளியில் இருபத்தொன்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். நாசரேத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு பூனாவுக்கு வந்தவள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பக்கப் புகார்த் தாள் ஒன்று கிடந்தது. மகன் ஜெரோஷ் அதன்மேல் பேனாவை வைத்திருந்தான். ஹிஞ்சேவாடியில் ஐடி வேலை. மூன்று வாரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்.

"மம்மி, இங்க ஒண்ணு. அண்ட் பின்னாடி ஒண்ணு. நாளைக்கு மார்னிங் ஸ்டேஷன்ல குடுத்துடுவேன்."

ஃப்ளோரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். விடைத்தாள் படிப்பது போலவே, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு போனாள்.

"பழுதுன்னு தெரிஞ்சே பாய் ஜாக்கியக் குடுத்தாருன்னு போட்ருக்கு. தெரிஞ்சேன்னு யாரு சொன்னா?"

"அது லாயரோட வேர்டு. அப்படித்தான் எழுதணுமாம்."

"ஜாக்கி இறங்கிட்டுன்னு யாருலே பாத்தா?"

"எல்லாரும் சொல்றாங்கள்ல. தரையில ஆயில் இருந்துச்சு. ஜாக்கில இருந்து லீக் ஆன ஆயில். நிம்பாள்கர் அங்கிள் போட்டோ எடுத்து வச்சிருக்கார்." அவன் தமிழ் சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றான். "டாடி சும்மா... சும்மா போயிட்டாருன்னு விட முடியுமா? யாராவது ஆன்ஸர் பண்ணணும்ல?"

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள்.

"கீழ வேல முடியட்டும். பாய் வாரேன்னாவ."

"அவரையேவா கூப்பிட்டீங்க? மம்மி, சீரியஸ்லி?"

"வேற யாரு வாரா? ஃபாத்திமா நகர் மெக்கானிக் ஆள் செத்த வண்டியத் தொட மாட்டேன்னுட்டான். கிரேன்காரன் உள்ள நுழையாதுங்கான். நீ மாட்டுதியா?"

ஜெரோஷ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மூன்று வாரமாக அவன் ஏழாம் எண் பக்கமே பார்ப்பதில்லை. பின்படிக்கட்டு வழியாகத்தான் இறங்குகிறான்.

ஃப்ளோரா தேயிலை டப்பாவைத் திறந்தாள். அவள் அழவில்லை என்பதை ஊரிலிருந்து வந்தவர்கள் கவனித்துப் போயிருந்தார்கள். வேளைக்குச் சமைத்தாள், வேளைக்குச் சாப்பிட்டாள், பத்தாம் நாள் பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணங்கள் நடத்தினாள். யாராவது கையைப் பிடித்தால் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், அவர்களாக விடும்வரை.

முகமது இஸ்மாயில் பதினொன்றுக்கு ஆட்டோவில் வந்தான். ஆம்பூர்க்காரன். பைரோபா நாலா பக்கம் சாலையோரத்தில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஐம்பது வயது, குட்டையான உருவம், வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுப்பு. ஆட்டோவிலிருந்து ஒரு டிராலி ஜாக்கியை இறக்கினான், பிறகு முக்காலி போன்ற இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை, பிறகு கோணிப்பையில் நான்கு மரக்கட்டைகளை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. காவலாளி கேட்டைப் பாதி மட்டும் திறந்தான். இஸ்மாயில் ஒவ்வொன்றாக அந்தப் பாதி வழியே உள்ளே சுமந்தான்.

ஸ்கூட்டரை வெளியே எடுக்க வந்த ரோஹிணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயம்புத்தூர்ப் பெண். மூன்றாவது மாடி. அவள் கணவன் கார் போன மாதம் வரை இஸ்மாயிலிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க ஆன்ட்டி, அதே பாயையா கூப்பிட்டீங்க?" என்று படியிலிருந்து இறங்கிய ஃப்ளோராவிடம் கேட்டாள். குரலைத் தணித்ததாக நினைத்துக்கொண்டாள். "இந்த ஜாக்கியாச்சும் புதுசுங்களா?"

இஸ்மாயில் குனிந்தபடியே, "புதுசு இல்லீங்க. நாலு வருஷம் ஆவுது" என்றான். "உங்க வூட்டுக்காரர் வண்டி அன்னிக்கி கிளட்ச் மாத்தினப்ப இதுலதான் தூக்கினேன், நாலு மணி நேரம் ஸ்டாண்டு மேல நின்னுது. நான் அடியில தூங்கிகூட போயிட்டேன். அவரு எழுப்பினாரு."

ரோஹிணி ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனாள்.

"எத்தன வண்டி நிக்கி பாய் கடையில?" ஃப்ளோரா கேட்டாள்.

"இன்னிக்கா? ஒண்ணு. அதுவும் என்னுது." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அது போவட்டும் டீச்சர். சாருக்கு நான் சொன்னேன். ஸ்டாண்டும் எடுத்துகினு போங்கன்னு சொன்னேன். சார்தான், ஸ்கூட்டர்ல கால் வைக்கிற எடத்துல ஜாக்கி மட்டும்தான் நிக்குது, ஸ்டாண்டு எங்க வைக்கிறது, பத்து நிமிஷ வேலைப்பா, பிரேக் பைப்பு எங்க கசியுதுன்னு பாத்துட்டு மதியமே கொண்டாந்து குடுத்துருவேன்னாரு. நான் பின்னாடியே பையன் கையில குடுத்து அனுப்பியிருக்கணும். ஞாயித்துக்கெழமையேன்னு வுட்டுட்டேன்."

"ம்."

"ஜாக்கின்றது தூக்கறதுக்குத்தான் டீச்சர். நிக்க வைக்கிறதுக்கு இல்ல. அது சாருக்கும் தெரியும். என்னவிட நல்லா தெரியும்."

அவள் தலையசைத்தாள். எட்மண்ட் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருஷமாக அந்தக் காருக்கு ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் அவரேதான். ஞாயிறு கோயில் முடிந்து வந்து, கால்சட்டையை மாற்றிக்கொண்டு, வண்டிக்கு அடியில் பழைய கோரைப்பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

இஸ்மாயில் வேலையைத் தொடங்கவில்லை. வண்டியை ஒரு சுற்று நடந்தான். முன்பம்பர் தூணில் முட்டிக்கொண்டிருந்தது. இடதுபக்கப் பின்கதவோரம் வந்து குந்தி, அன்றைக்குத் தரையில் ஜாக்கியின் சக்கரம் இழுத்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். கோட்டின் மேல் கையை விரித்து அளந்தான். ஒன்றரைச் சாண். பிறகு பின்பக்கம் வந்து, காய்ந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்து மோந்தான். தரை முன்பக்கமாகச் சரிந்திருந்தது. மழைத் தண்ணீர் தூண் வரிசையோரச் சாக்கடைக்கு ஓடுவதற்காகக் கட்டும்போதே விட்ட சரிவு.

நிம்பாள்கர் குடையோடு வந்து சேர்ந்தார். பின்னால் ஜெரோஷ். கையில் போன். கண்கள் போன் திரையில்.

"நான் ரெக்கார்ட் பண்றேன்" என்றான் ஜெரோஷ். "காவலாளி ரூம்ல இருக்கற அந்தப் பழைய ஜாக்கியை யாரும் தொடக்கூடாது. அது எவிடென்ஸ்."

"தொட மாட்டேன் தம்பி. நான் வேற கொண்டாந்துருக்கேன்." இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டான். "டீச்சர், சாவி."

ஃப்ளோரா நகரவில்லை. "சாவி எதுக்கு? தூக்கிச் சக்கரத்த மாட்டுனா போதும்லா?"

"ஹேண்ட்பிரேக் புடிச்சிருக்குதா, கியர்ல கீதான்னு பாக்காம நான் எந்த வண்டியையும் தூக்க மாட்டேன். அதுவும் இந்தத் தரையில."

சாவி அவள் கைப்பையில் இல்லை, சேலை முடிச்சிலும் இல்லை. உள்ளங்கையில்தான் இருந்தது. மூன்று வாரமாக அந்தச் சாவியை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் வண்டியின் அடியில்தான் பார்த்தார்கள்.

இஸ்மாயில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான். உள்ளே பூஞ்சை வாசம். உட்காருவதற்காக ஒரு காலை உள்ளே வைத்தான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அவன் குட்டையானவன். அவனுக்கே இடித்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

சீட்டு முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. எட்மண்ட் ஆறடி. அந்தச் சீட்டை அவர் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளி வைத்துத்தான் ஓட்டுவார், அப்போதும் முட்டி மடங்கியிருக்கும். ஹேண்ட்பிரேக் கீழே கிடந்தது. கியர் நடுவில், எந்தக் கியரிலும் இல்லை.

இஸ்மாயில் மெக்கானிக். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டிரம்மைக் கழற்றிப் பார்க்கும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்குவார்கள். திரும்ப மாட்டிய பிறகு எட்மண்ட் ஏற்ற மறந்திருக்கிறார். பைப் எங்கே கசிகிறது என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டுமானால் மேலே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. பின்பக்கம் ஜாக்கி மேல் தூக்கி நிற்கிற வண்டியை அந்தச் சரிவில் பிடித்து வைத்திருந்தது, பிரேக்கை அமுக்கியிருந்த அந்தக் கால் மட்டும்தான்.

அவன் கதவுக்கு மேலாக ஃப்ளோராவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஐந்தடி இருக்கமாட்டாள்.

ஜெரோஷ் மறுபக்கத்தில், பின்சக்கரப் பக்கம் போனைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

இஸ்மாயில் உள்ளே குனிந்தான். ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தான். பல் பல்லாக ஏறும் சத்தம் கேட்டது. கிளட்ச்சைக் கையால் அமுக்கி முதல் கியரில் போட்டான். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தூக்கி, சீட்டைப் பின்னால், பின்னால், கடைசிவரை தள்ளினான். கதவைச் சாத்தினான். சாவியை அவளிடம் கொடுத்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றான் பொதுவாக.

"நோட் பண்ணிக்கறேன்" என்றான் ஜெரோஷ்.

அதன் பிறகு இஸ்மாயில் வேலை செய்தான். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் கட்டைகளை வைத்து, காலால் தட்டி இறுக்கினான். ஜாக்கியை உருட்டிக்கொண்டுபோய் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே தகடு தடித்திருக்கும் இடத்தில் வைத்தான். "இந்த எடத்துலதான் வைக்கணும். கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா தரைத்தகடு பொத்துகினு போயிடும்" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னான். கைப்பிடியை ஏற்றி இறக்க, வண்டி முனகிக்கொண்டு கற்களிலிருந்து ஒரு விரல் அகலம் எழுந்தது. மேல் கல்லில் விரிசல் ஓடியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் தானாகவே பொடிந்திருக்கும்.

ஸ்டாண்டை நுழைத்துப் பூட்டினான். ஜாக்கியை மெதுவாக இறக்கி, எடையை ஸ்டாண்டின் மேல் விட்டான். எழுந்து, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து பலமாக ஆட்டினான். வண்டி ஸ்டாண்டோடு அசையாமல் நின்றது.

"ஒரு சக்கரம் மாட்ட இத்தனை கூத்தா?" என்று நிம்பாள்கர் இந்தியில் கேட்டார்.

"ஆமா சாப். ரெண்டு நிமிஷ வேலைக்கும் இதான். பத்து நாள் வேலைக்கும் இதான்." கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஐந்தாவது கல்லின் ஓர் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. அதை மட்டும் கோணிப்பைக்குள் வைத்தான்.

பிறகுதான் மல்லாந்து படுத்து தலையை மட்டும் உள்ளே விட்டான். ஃப்ளோரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பின பக்கத்தில் ரோஹிணியின் ஸ்கூட்டர் நின்றிருந்த இடம் காய்ந்த சதுரமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைப்பு துருப்புடிச்சி ஊசி நுழையற அளவுக்கு ஓட்டை வுழுந்துருக்குது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "கரெக்டாதான் பாத்துருக்காரு சார். அழுக்கத் தொடைச்சு விரல் வச்சிருக்காரு. தெரியுது."

வெளியே வந்ததும் ஜெரோஷ் கேட்டான், "தரையில இருந்த ஆயில்? அதைப் பத்தி என்ன சொல்றீங்க?"

"அது பிரேக் ஆயில் தம்பி. ஜாக்கி ஆயில் இல்ல. மோந்து பாரு, தெரியும்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. ஆப்வியஸ்லி."

"ஆமா. நான் அப்படித்தான் சொல்லுவேன்." இஸ்மாயில் சக்கரத்தை உருட்டி வந்து மாட்டினான். நட்டுகளை விரலால் ஏற்றினான். "நீ எழுதறத எழுது தம்பி. நான் ஒண்ணும் சொல்லல. உங்க அப்பா. உனக்குக் கோவம் இருக்கும்."

"கோபம் இல்ல. எனக்கு... ரீசன் வேணும்."

"ஜாக்கி கை விட்டுடுச்சுன்னு வச்சிக்கோ."

அவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நட்டின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெரோஷின் போனில் அது பதிவானது. ஜெரோஷ் நிமிர்ந்து நிம்பாள்கரைப் பார்த்து, கேட்டீர்களா என்பது போலப் புருவத்தை உயர்த்தினான். நிம்பாள்கருக்குத் தமிழ் தெரியாது. அவரும் புருவத்தை உயர்த்தினார்.

ஃப்ளோரா மேலே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். ஒரு தட்டில் காரி பிஸ்கட், அடுக்கடுக்காக உதிரும் உப்பு பிஸ்கட். பேக்கரியில் சனிக்கிழமைதோறும் எட்மண்ட் வாங்குவது. இப்போது அவள் வாங்குகிறாள். எல்லோரும் நின்றபடியே குடித்தார்கள். பிஸ்கட் உதிர்ந்து சட்டையில் ஒட்டியது. சாரல் நின்றிருந்தது. மெயின் ரோட்டுப் பக்கம் எங்கோ டோல் மேளக்காரர்கள் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடுங்க பாய். நமத்துரும்."

"போதும் டீச்சர்."

"நீங்க ஏன் அப்படிச் சொன்னிய?" அவன் பக்கம் பார்க்காமல், தட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா சொன்னேன்?" டம்ளரைத் தட்டில் வைத்தான். "கடைய இங்க வச்சா இன்னா, தள்ளிப் போயி கோந்த்வால வச்சா இன்னா. ஸ்பேனர் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் திரும்புது. நீங்க இதே வூட்ல இருக்கணும். அவனோட இருக்கணும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஸ்டாண்டை எடுத்து, வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்கியாயிற்று. இஸ்மாயில் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல, முழு எடையும் ஸ்பேனரில் சாய்த்து முறுக்கினான். மூன்று வாரத்துக்குப் பிறகு கார் நான்கு சக்கரத்தில் நின்றது.

"இப்ப பின்னாடி தள்ளி வெளிய எடுக்கணும்" என்றான். "இஞ்சின் வேணாம். பின்பிரேக் புடிக்காது, முன்னாடி மட்டும் புடிக்கும். ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டீயரிங் புடிக்கணும். தம்பி நீ உக்காரு."

ஜெரோஷ் பின்னால் ஓர் அடி வைத்தான். "நான்... முடியாது. அங்கிள், நீங்க?"

நிம்பாள்கர் தன் முழங்கால் மூட்டைத் தொட்டுக் காட்டினார். காவலாளிக்கு ஓட்டத் தெரியாது.

"அப்ப நான் உக்கார்றேன். நீங்க மூணு பேரும் தள்ளுங்க."

"மேடு ஏத்தணும். நீங்க தள்ளணும் பாய்" என்றாள் ஃப்ளோரா. "நான் உக்காருதேன்."

"வேணாம் டீச்சர்."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

அவள் தட்டைச் சுவரோரம் தரையில் வைத்தாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். இஸ்மாயில் மற்றவர்களை நிறுத்தினான். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே யாரும் போகக்கூடாது, பக்கவாட்டில் நின்று கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் என்றான். இடதுபக்கம் அவனும் காவலாளியும். வலதுபக்கம், ஓட்டுநர் கதவருகே, ஜெரோஷ். நிம்பாள்கர் பின்னால் நின்று வழி சொல்லுவார்.

"பிரேக்கை அமுக்கிகினு, கியரை எடுங்க" என்றான் இஸ்மாயில்.

அவள் காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை. இன்னும் சரிந்து உட்கார்ந்து நீட்டினாள். செருப்பு நுனிதான் பட்டது.

"சீட்டை முன்னாடி இழுங்க மம்மி" என்றான் ஜெரோஷ். "கீழ லிவர் இருக்கும்."

"தெரியும்" என்றாள்.

குனிந்து, நெம்புகோலைத் தூக்கி, சீட்டை இழுத்தாள். கடைசிவரை வந்து இடித்து நின்றது. காலைப் பிரேக்கில் வைத்து அமுக்கினாள். அவள் இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக அவள் முகமும் ஜெரோஷின் இடுப்பும் ஒரே உயரத்தில் இருந்தன.

"ஜெரோஷ்."

"ம்?"

"இந்தச் சீட்டு இங்கதான் இருந்துச்சு. பாய் பின்னால தள்ளுனாவ. நீ அந்தப் பக்கம் போன் புடிச்சிட்டு இருந்த."

"டீச்சர்" என்றான் இஸ்மாயில் மறுபக்கத்திலிருந்து.

"ஹேண்ட்பிரேக்கும் கீழதான் கெடந்துச்சு. கியர்லயும் இல்ல. பாய்தான் போட்டாவ." வகுப்பில் ஒரு கணக்கின் படிகளைச் சொல்வது போலச் சொன்னாள். "நான்தான் உக்காந்து பிரேக்கப் புடிச்சிட்டு இருந்தேன். எப்பவும் நான்தான் உக்காருவேன், அவுக அடியில பாப்பாவ. அமுக்குன்னாவ, அமுக்குனேன். அப்படியே புடிச்சுக்கோன்னாவ. ரொம்ப நேரம் புடிச்சேன். மேல குக்கர்ல கடலை போட்ருந்தேன். விசில் இங்க கேக்கும். மூணு போதும். அஞ்சு வந்துட்டு. அடிப்பிடிச்சிரும்னு, ஏங்க ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு, காலை எடுத்துட்டு எறங்கிட்டேன். அவுக என்னவோ சொன்னாவ. எனக்குக் கேக்கல. நாலு படி ஏறியிருப்பேன், வண்டி மெள்ள நகந்து விழுந்த சத்தம் கேட்டுச்சு."

ஜெரோஷின் கை கதவுச் சட்டத்தில் இருந்தது.

"நான் படியிலேருந்து எறங்கி ஓடி வாரதத்தான் எல்லாரும் பாத்தாவ. மேலேருந்து வாரேன்னு நெனச்சிட்டாவ. நானும் சொல்லல."

"க்யா ஹுவா?" என்றார் நிம்பாள்கர் பின்னாலிருந்து. "என்ன சொல்கிறார்கள்? தள்ளலாமா?"

ஃப்ளோரா பின்கண்ணாடி வழியே அவரைப் பார்த்து, மராத்தியில், இதே வரிசையில், மறுபடி சொன்னாள். பெடல், குக்கர், ஐந்து விசில், கால். மராத்தியில் இன்னும் சுருக்கமாக வந்தது. கடைசியில், இஸ்மாயில் பாயின் ஜாக்கி நன்றாகத்தான் இருந்தது, இதைக் குழுவில் எழுதிப் போடுங்கள், என் பெயரில் எழுதுங்கள், என்றாள். நிம்பாள்கர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். "ஹோ" என்று மராத்தியில் ஆமாம் போட்டார். "ஹோ, டீச்சர்."

இஸ்மாயில் காவலாளியின் முதுகுக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் மகனிடம். "நீ வேணா வேற எழுது. என் பேரு போட்டு."

ஜெரோஷ் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்தான். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஓடும் எண்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நிறுத்தினான். அழித்தானா வைத்துக்கொண்டானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

"டாடி என்ன சொன்னார்?" என்று கேட்டான். "கடைசியா. நீங்க இறங்கினப்போ."

"கேக்கல."

"ட்ரை பண்ணுங்க."

"தெனம் பண்ணுதேன். கேக்க மாட்டேங்கு."

வெளியே சாலையில் பந்தல்காரர்களின் டெம்போ வந்து நின்று ஹார்ன் அடித்தது. மதியம் என்று சொன்னபடி பன்னிரண்டரைக்கு வந்துவிட்டார்கள். மூங்கில் நுனிகள் கேட்டுக்கு மேலே தெரிந்தன. நிம்பாள்கர் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

இஸ்மாயில் குனிந்து முன்சக்கரத்துக் கட்டைகளை எடுத்தான். வலதுபக்கக் கட்டைகள் ஜெரோஷின் காலடியில் இருந்தன. "தம்பி, அது" என்றான். ஜெரோஷ் குந்தி, இரண்டையும் உருவி, சுவரோரம் வைத்துவிட்டு வந்தான். திரும்பவும் அதே இடத்தில், அம்மாவின் தோளருகே, கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ஃப்ளோரா கியரை எடுத்தாள். ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். வலது காலால் பிரேக்கை அமுக்கியே பிடித்திருந்தாள். பெடல் அசையவில்லை.

"எடுக்கட்டா?" என்றாள்.

அவனைத்தான் கேட்டாள். அவன் முன்சக்கரத்தைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், இஸ்மாயிலும் காவலாளியும் பிடித்திருக்கிறார்களா என்று கூரைக்கு மேலாக எட்டிப் பார்த்தான். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"ஒரு நிமிஷம் மம்மி" என்றான். மூச்சை இழுத்துவிட்டு, "ம். எடுங்க."